டிமார்க் 'ரிஜெக்ட்' போட்டு இரண்டு வருடம்: ஆடிட் ஆபீஸுக்கு உதவுமா?

ஆடிட்டர் நண்பர் கேட்டது ஒரே கேள்வி: "டிமார்க் போட்டால் எங்கள் பேரில் போகிற போலி மெயில் நின்றுவிடுமா?" டிமார்க் என்பது, நம் டொமைன் பேரில் வரும் மெயில் சோதனையில் தவறினால் என்ன செய்வது என்று பெறும் சர்வருக்கு நாம் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் பொதுப் பதிவேடு) எழுதிவைக்கும் பாலிசி. கேள்விக்குப் பதில்: நிற்கும், நிற்காது. இரண்டும் உண்மை.

நிற்பது எது? உங்கள் டொமைனை ஃப்ரம் முகவரியில் அப்படியே போட்டு வெளியாள் அனுப்புவது. பாலிசி 'ரிஜெக்ட்' ஆகிவிட்டால் ஜிமெயில் போன்ற பெரிய இடங்கள் அதை வாசலிலேயே திருப்பிவிடும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் எடுத்ததுமே ரிஜெக்ட் போடாதீர்கள். தடுக்காமல் கவனிக்க மட்டும் செய்யும் 'நன்' பாலிசியில் நான்கு வாரமாவது இருங்கள். அதற்குள் ஒரு மாதக் கடைசியும் ஒரு ரிட்டர்ன் கெடுவும் வந்துபோகட்டும். சில மெயில்கள் அப்போதுதான் கிளம்பும். மெயிலைப் பெறும் சர்வர்கள் தினமும் அனுப்பும் ரிப்போர்ட், எக்ஸ்எம்எல் என்ற கோப்பு வடிவில் வரும். வெறுங்கண்ணால் படித்தால் தலைவலிதான். ஆனால் ஒரு பார்சரில் (அதைப் பட்டியலாக்கும் கருவி) போட்டுப் பாருங்கள். ஜெராக்ஸ் மெஷினின் ஸ்கேன் மெயில், பில்லிங் சாஃப்ட்வேர், வெப்சைட்டின் கான்டாக்ட் ஃபார்ம் என்று ஆபீஸே மறந்துபோனவை எல்லாம் ஐபி முகவரியோடு வரிசையில் நிற்கும். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பிடிக்காதது எஸ்பிஎஃப்: நம் பேரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் வரி. இரண்டு வருடமாகியும் எரிச்சல் குறையவில்லை. அதைச் சரிபார்க்க ஆகும் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினால் 'பெர்ம்எரர்' என்ற நிரந்தரப் பிழை, எஸ்பிஎஃப் மொத்தமும் செல்லாது. ஒவ்வொரு இன்க்ளூடும் (வேறொருவரின் பட்டியலைச் சேர்க்கும் சொல்) ஒரு தேடல். அதன் வயிற்றுக்குள் இருக்கும் இன்க்ளூடுகளும் கணக்கில் சேரும். சர்வீஸ்காரர் தன் பக்கம் ஒன்றைச் சேர்த்தால், நாம் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமலே நம் கணக்கு உடையும். அவர் அனுப்பிய வரியைத் தனியாக இரண்டாவது எஸ்பிஎஃப் ரெக்கார்டாகப் போட்டாலும் அதே பெர்ம்எரர்தான். டொமைனுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. இதில் கொடுமை என்னவென்றால், மொத்தமாக மெயில் அனுப்பும் சர்வீஸ்கள் பல, ரிட்டர்ன்-பாத்தில் (திரும்பும் மெயில் போகும் முகவரி; எஸ்பிஎஃப் பார்ப்பது இதைத்தான்) தங்கள் டொமைனைத்தான் வைக்கின்றன. அவர்களை நம் எஸ்பிஎஃப்பில் சேர்ப்பதால் டிமார்க்குக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதனால் டிகிம்மை, அதாவது மெயிலோடு போகும் டிஜிட்டல் கையெழுத்தை, நம்புங்கள். டிமார்க்குக்கு எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்று நம் டொமைனோடு பொருந்திப் பாஸானால் போதும். ஃபார்வர்ட் ஆகும் மெயிலில் எஸ்பிஎஃப் உடைந்தாலும், வழியில் யாரும் உள்ளடக்கத்தை மாற்றாதவரை டிகிம் நிற்கும். கூகுள் வொர்க்ஸ்பேஸில் டிகிம் கீயை (கையெழுத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவி) டிஎன்எஸ்ஸில் போட்டுவிட்டு, அட்மின் கன்சோலில் 'ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்' அழுத்த மறந்தவர்கள் ஏராளம். 2048 பிட் கீ, ஒரு டிஎன்எஸ் துண்டின் வரம்பான 255 எழுத்துக்குள் அடங்காது. சில டிஎன்எஸ் பேனல்களில் நாமே இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும்.

இனி நிற்காதது. கிளையன்ட்டின் போன் பெரும்பாலும் பெயரை மட்டும்தான் காட்டும். பார்ட்னர் பெயரில் யாரோ திறந்த இலவச ஜிமெயில் முகவரி எல்லாச் சோதனையிலும் பாஸ். ஓர் எழுத்து மாற்றி வாங்கிய டொமைனும் அப்படியே; திருடனும் டிமார்க் போடத் தெரிந்தவன்தான். பார்ட்னரின் மெயில்பாக்ஸே களவு போனாலோ, போலி இன்வாய்ஸ் நம்முடைய அசல் டிகிம் கையெழுத்தோடு போகும். பதில்கள் கண்ணில் படாதபடி ஒரு ஃபில்டரும் போட்டு வைத்திருப்பான்.

ஆகவே, இவ்வளவு புகழ்ந்த ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டும் சர்வீஸுக்காக மாதச் சந்தா கட்டாதீர்கள். அந்தக் காசில் ஒவ்வொரு பார்ட்னருக்கும் இரண்டு செக்யூரிட்டி கீ (லாகினை உறுதி செய்யும் சிறு கருவி) வாங்குங்கள்: ஒன்று கையில், ஒன்று லாக்கரில். போலி லாகின் பக்கம் ஓடிபியை வாங்கி அசல் தளத்தில் கொடுத்துவிடும். கீ, டொமைன் மாறினால் வாய் திறக்காது. எங்கேஜ்மென்ட் லெட்டரில் ஒரு வரி சேருங்கள்: 'வங்கிக் கணக்கு மாற்றத்தை மெயிலில் தெரிவிக்க மாட்டோம், வந்தால் பழைய எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.' பணம் போய்விட்டதென்றால் பேங்குக்கும் சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கும் உடனே அழைக்கச் சொல்லுங்கள்.

மெயிலே அனுப்பாத பழைய டொமைன் ஏதாவது சும்மா கிடக்கிறதா? அதற்கு மட்டும் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ரிஜெக்ட் போடுங்கள்.