தூஷண திக்காரமா, வேத விளக்கமா?

பழைய கிறித்தவத் தமிழ் உரைநடையில் எதைப் படிப்பது? 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்ற இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நோபிலியின் ‘தூஷண திக்கார’மும், வீரமாமுனிவரின் ‘வேத விளக்க’மும் மறுப்பு நூல்கள்தாம், எதிராளிதான் வேறு. முன்னது இங்குள்ளோர் கிறித்தவத்தின்மீது சுமத்திய பழிகளுக்குப் பதில். பின்னது தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் (புராட்டஸ்டண்டு) சபையாருக்குக் கத்தோலிக்கத் தரப்பின் பதில்.

தர்க்கம் தமிழ் உரைநடையில் எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்க முன்னதே மேல். ஆனால் தடுமாற வைக்கும்: வடசொல் செறிந்த நெடுவாக்கியங்கள். வேகமாகப் படித்தால் எதிராளியின் கூற்றையே ஆசிரியர் கருத்தாக எடுத்துக்கொள்வோம். முற்றுவினையை முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கிப் பிரியுங்கள். பிறகு வாய்விட்டு ஒருமுறை. ஓர் அமர்வுக்கு இரண்டு பக்கம் போதும். ‘சர்வேசுரன்’ (கடவுள்), ‘ஆத்துமம்’ (ஆன்மா) போன்ற சொற்கள் விரைவில் பழகிவிடும்.

முனிவரின் உரைநடை இலகு. புதியவர்கள் இதில் தொடங்கலாம். லுத்தரன் தரப்பின் வாதம் என்னவென்று மட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.