மதுரையில் மூன்று வாரம், பிரிட்ஜில் இரண்டு பேனா

குரோன்ஸ் என்கிற குடல் அழற்சி நோய்க்குப் போடும் ஊசிமருந்து அடாலிமுமாப்; பேனா வடிவ ஊசியில் வரும். அந்தப் பேனா டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் ஒரு வரி இருக்கும்: பிரிட்ஜுக்கு வெளியே 25 டிகிரிக்கு மிகாமல் 14 நாள் வரை வைக்கலாம். சில பயோசிமிலர்களுக்கு (இதே மருந்துக்கு ஒப்பாக வேறு நிறுவனங்கள் செய்பவை) இதைவிடக் கூடுதல் நாள் போட்டிருப்பார்கள். லண்டனிலிருந்து பிள்ளையோடு மதுரைக்குக் கிளம்பும்போது இந்த வரியைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அந்த 25 டிகிரி லண்டன் வீட்டு அறைக்குச் சரி. மதுரையில் ஆகஸ்ட் மாதத்து மத்தியானம் மின்விசிறி ஓடுகிற அறையே 33, 34 காட்டும். ஆக, ஊரில் இந்த மருந்துக்கு "வெளியே வைக்கலாம்" என்கிற சலுகை கிடையாது. 2 முதல் 8 டிகிரி, அவ்வளவுதான்.

குரோன்ஸ் நோய் உள்ள பிள்ளைக்கு ஊசி ஆரம்பித்த கையோடு ஊர்ப் பயணம் வைப்பவர்கள் முதலில் நாள்கணக்கைப் பார்க்க வேண்டும். முதல் நாள் பெரிய அளவு, 15-ஆம் நாள் அதில் பாதி, அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பராமரிப்பு அளவு. பிள்ளையின் எடை 40 கிலோவுக்குக் கீழே என்றால் 80 மி.கி., 40 மி.கி., பிறகு 20 மி.கி. என்று போகும், சில மருத்துவர்கள் 40, 20 என்று சின்னதாகவே தொடங்குவார்கள். 40 கிலோவைத் தாண்டினால் அளவு இரட்டிப்பு. எது என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் முடிவு செய்வார். நம் வேலை, முதல் ஊசி நாள் விமான நாளாகவும், அதற்கு அடுத்த ஓரிரண்டு நாளாகவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. முதல் ஊசிக்கு ஒவ்வாமை வருகிறதா என்று பார்த்துச் சொல்ல, பழகின நர்ஸ் பக்கத்தில் இருக்கும் லண்டனிலேயே அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

ஊசி ஆரம்பிப்பதற்கு முன்பே காசநோய், ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். டிஎன்எஃப் என்கிற அழற்சிப் புரதத்தைத்தான் இந்த மருந்து கட்டிப்போடுகிறது. உடம்புக்குள் தூங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வேலி போட்டு வைத்திருப்பதும் அதே புரதம்தான். ஊரில் இந்தப் பரிசோதனையைச் செய்ய நேர்ந்தால், மாண்டூ ஊசியை (காசநோய்க்குத் தோலில் போட்டுப் பார்க்கும் சோதனை ஊசி) வெள்ளிக்கிழமை போட்டுக்கொள்ளாதீர்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாதி லேப் மூடியிருக்கும். திங்கள் போட்டு புதன் அளப்பது உத்தமம். பிள்ளை பிரட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் தடிப்பு வராமலே போகலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். தட்டம்மை, சின்னம்மை மாதிரியான உயிருள்ள தடுப்பூசிகளைப் போட வேண்டியிருந்தால் ஊசி ஆரம்பிப்பதற்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும், நடுவில் போட முடியாது.

இதோடு சேர்ந்த ஒரு சங்கடமான விஷயமும் உண்டு. கிராமத்து வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், "அப்பத்தாவுக்கு அது சும்மா சளிதான்" என்று விட்டுவிடக் கூடாது. சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். அதன் முடிவு வந்த பிறகு பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சட்டும்.

பயணத்தில் பேனா கைப்பையில்தான் வர வேண்டும். சரக்குப் பகுதியில் போட்ட பெட்டிக்குள் மருந்து உறைந்துபோகலாம். உறைந்த அடாலிமுமாப் உருகினதும் பார்ப்பதற்குப் பழையபடியே இருக்கும், ஆனால் அது குப்பைக்குத்தான். ஜெல் ஐஸ் பையைப் பேனாவோடு ஒட்டி வைத்தாலும் இதே கதி. நடுவில் ஒரு கைத்துண்டைச் சுற்ற வேண்டும். சென்னையில் இறங்கி பாண்டியன் எக்ஸ்பிரஸில் வருவதானால் ராத்திரி முழுக்க ரயிலில். ஏசி பெட்டியே ஆனாலும் ஜெல் பையைச் சென்னையில் மறுபடி உறையவைத்துக்கொண்டு ஏறுவது பாதுகாப்பு. மருத்துவர் கடிதத்தில் மருந்தின் பொதுப்பெயர், அளவு, எண்ணிக்கை மூன்றும் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை, அந்தச் சோதனை சமையலறையில். ஊரில் பல வீடுகளில் இருப்பது ஒற்றைக் கதவு பிரிட்ஜ். அதில் பனிக்கட்டி அறைக்கு நேர் கீழே இருக்கும் தட்டில் வைத்தால் மருந்து உறையும். பின்சுவரை ஒட்டி வைத்தாலும் உறையும். கதவில் வைத்தால், ஆளாளுக்குத் தண்ணீர் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் சூடாகும். நடுத்தட்டில், முன்பக்கமாக, ஒரு மூடின பிளாஸ்டிக் டப்பாவுக்குள், பேனாவின் அட்டைப்பெட்டியோடு வைக்க வேண்டும்; வெளிச்சமும் அதற்கு ஆகாது. பக்கத்திலேயே அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிவுசெய்யும் சின்ன வெப்பமானி ஒன்று. வந்த முதல் ராத்திரி மருந்து இல்லாமல் வெப்பமானியை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, காலையில் பிரிட்ஜின் குளிர்த் திருகைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். அதுவரை பேனா பயணத்தில் கொண்டுவந்த ஜெல் பைப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது கரண்ட். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தப் பகுதியில் எந்த நாள் என்று முந்தின நாளே செய்தித்தாளில் வரும், காலை ஒன்பது பத்து மணிக்குப் போனால் சாயங்காலம் வரை வராது. திறக்காத பிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம்தான் குளிரைத் தாங்கும். "எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு" என்பார்கள். வீட்டு இன்வெர்ட்டரில் பெரும்பாலும் லைட்டும் ஃபேனும் மட்டும்தான் இணைத்திருப்பார்கள், பிரிட்ஜ் இருக்காது. மின்தடை நாளில் காலையிலேயே ஜெல் பையோடு பேனாவைத் தெர்மோகோல் பெட்டிக்கு மாற்றிவிடலாம், அல்லது தெருமுனை மெடிக்கலில் கேட்டுப் பார்க்கலாம். இன்சுலின் விற்கிற கடையில் ஜெனரேட்டரோடு பிரிட்ஜ் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துத் தர முகம் சுளிப்பதில்லை. இந்த விஷயத்தில் மதுரைக்காரர்கள் தாராளம்தான். மேலூர் பக்கத்துக் கிராமங்களில் மண்பானைக்குள் இன்சுலின் வைத்துப் பழகின வீடுகள் உண்டு. பானை எவ்வளவு ஜில்லென்று இருந்தாலும் 8 டிகிரிக்கு இறங்காது, இந்த மருந்துக்கு அது உதவாது.

பேனா கெட்டுப்போனாலோ தொலைந்தாலோ ஊரில் வாங்க முடியும். அடாலிமுமாபின் முதல் பயோசிமிலரே இந்தியாவில்தான் வந்தது, 2014 டிசம்பரில் சைடஸ் நிறுவனத்தின் எக்ஸெம்ப்டியா. ஆனால் மதுரை கே.கே. நகரில் எந்தக் கடையில் போய் நின்றாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "ஸ்டாக் இருக்காதுக்கா, ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும்." முன்பணம் கட்ட வேண்டும், ஓரிரு நாள் ஆகும், வந்தபின் திருப்பி எடுக்க மாட்டார்கள். வெளிநாட்டுச் சீட்டு செல்லாது. இங்கே பதிவுபெற்ற குடல் நோய் நிபுணரிடம் லண்டன் கடிதத்தைக் காட்டி உள்ளூர்ச் சீட்டு எழுதி வாங்க வேண்டும், அதில் பொதுப்பெயரோடு மி.கி. அளவும் தெளிவாக இருக்க வேண்டும். 20 மி.கி. வேண்டுமென்றால் முதலிலேயே அழுத்திச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வருவது 40 தான். 40 மி.கி. சிரிஞ்சில் கண்ணளவில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைப் போடுகிற யோசனையே வேண்டாம். பெட்டி வந்ததும் கடைக்காரர் முன்னாலேயே திறந்து பார்க்க வேண்டும். ஐஸ் பை இன்னும் கெட்டியாக இருக்கிறதா, மருந்து நடுவில் தடுப்பில்லாமல் அதன்மேல் நேராகப் பட்டு உறைந்திருக்குமா, காலாவதித் தேதி என்ன. பேட்ச் எண் பில்லில் ஏறியிருக்க வேண்டும். லண்டன் மருத்துவமனைக்குத் திரும்பிப்போய்ச் சொல்ல அது தேவைப்படும்.

ஊசி போடும் நாளில் பேனாவை 15 முதல் 30 நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் போதும். மதுரை வெயிலில் 15 நிமிடமே தாராளம். சில்லென்று போட்டால் எரியும், அதனால்தான் இந்தக் காத்திருப்பு. வெந்நீரில் முக்குவது, ஜன்னலில் காயவைப்பது, குலுக்குவது எதுவும் கூடாது. தொடையின் முன்பக்கம் நடுவில், அல்லது வயிற்றில் தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி; போன தடவை போட்ட இடத்திலிருந்து 2.5 செ.மீ.யாவது விலகி. ஸ்பிரிட் துடைத்ததும் காய விட வேண்டும், ஈரத்தோடு குத்தினால் பிள்ளை கத்துவது ஸ்பிரிட்டுக்காகத்தான். பயந்த பிள்ளைக்கு தோலை மரத்துப்போக வைக்கும் லிடோகெயின்-பிரிலோகெயின் களிம்பை ஒரு மணி நேரம் முன்னால் தடவி மூடி வைக்கலாம். ஊரில் மெடிக்கலில் கிடைக்கும்.

பேனாவைச் செங்குத்தாக வைத்து அழுத்தி, 'டிக்' சத்தம் கேட்டபின் நிதானமாக 10, 15 வரை எண்ண வேண்டும். எத்தனை என்பது அந்தந்தப் பேனாவின் தாளில் இருக்கும். பேனாவில் இருக்கும் சின்ன ஜன்னலில் நிறக்குறி வந்து நின்ற பிறகுதான் எடுக்கலாம். சத்தம் கேட்டவுடன் முடிந்துவிட்டது என்று தூக்குவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு, மருந்து தொடையில் வழியும். வழிந்தால் இன்னொரு பேனாவைப் போட்டு ஈடுகட்டாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

வீட்டில் யாருக்கும் துணிவில்லை, தெரு கிளினிக் சிஸ்டரைக் கூப்பிடுகிறோம் என்றால் ஒரு எச்சரிக்கை. ஊசி என்றதும் அவர்கள் கை தானாக இடுப்புக்குப் போகும், போட்டதும் பஞ்சை வைத்துத் தேய்க்கும். "தோலடி ஊசி சிஸ்டர், இன்சுலின் மாதிரி, தேய்க்காதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கச்சிதமாகப் போட்டுவிடுகிறார்கள். ஊசி நாள் தவறிப்போனால், நினைவு வந்தவுடன் போட்டுவிட்டு, அடுத்ததைப் பழைய தேதியிலேயே போட வேண்டும்.

காய்ச்சல் இருக்கும்போது ஊசி போடக் கூடாது, மருத்துவரிடம் கேட்டு நிறுத்தி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் வருவது டெங்குவாகவும் இருக்கலாம். ஆகவே காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும். கிளினிக்கில் சட்டென்று டைக்லோபினாக் ஊசியோ ஐபுபுரூபனோ கொடுக்க வருவார்கள். குடலுக்கும் ஆகாது, டெங்குவுக்கும் ஆகாது. நாய் கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுக்கிற பிள்ளை என்பதை வாயைத் திறந்ததும் சொல்லுங்கள்; வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டவணையும், உடனடிப் பாதுகாப்புக்குப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசி பற்றிய முடிவும் அதை வைத்து மாறும்.

சாப்பாட்டில் பெரிய தடை எதுவும் இல்லை, குடல் சுருங்கியிருந்தால் மட்டும் நார் விஷயத்தில் கவனம். ஜிகர்தண்டா கேட்டு அழுவார்கள். கொதித்து ஆறின பால் பரவாயில்லை, அதில் போடுகிற ஐஸ் எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. வீட்டிலேயே பாதாம் பிசின் ஊறவைத்துச் செய்துகொடுத்துவிடலாம்.

மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பார்க்கச் சொல்லியிருந்தால், லேப்காரர் வீட்டுக்கே வந்து வாங்கிப்போவார். மாதிரி வெளியூருக்குப் போய்வர நாளாகும் என்பதால் லண்டன் திரும்புகிற வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

போட்டு முடித்த பேனாக்களை மூடி இறுக்கமான கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, ஊசிக் கழிவு எடுக்கிற மருத்துவமனையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். வாசலில் குப்பை பிரிக்கிறவர் கையில் குத்தும். மீதிப் பேனா திரும்பும்போதும் கைப்பையில்தான். விமானப் பணிப்பெண் பிரிட்ஜில் வைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே உலர்பனிக்குப் பக்கத்தில் மருந்து உறையலாம், இறங்குகிற அவசரத்தில் மறந்தும் போகலாம். உறைந்த ஜெல் பை, கைத்துண்டு, பேனா, இந்த வரிசையில் அடுக்கி உங்கள் காலடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.