பழைய கலப்பின டிரான்சீவருடன் பன்னிரண்டு ஆண்டுகள்: கவலை வால்வைப் பற்றியதல்ல

என் மேசையில் இருக்கும் டிரான்சீவர், அதாவது அனுப்பவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவி, 1970களின் இரண்டாம் பாதியில் தயாரானது. சிற்றலை அமெச்சூர் (ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர்களுக்கான) பட்டைகளில் 160 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை வேலை செய்யும் இந்தக் கருவியில் பெரும்பகுதி டிரான்சிஸ்டர்களால் ஆனது. அனுப்பும் பகுதியின் கடைசி இரண்டு கட்டங்களில் மட்டும் வெற்றிடக் குழாய்களான வால்வுகள் இருக்கின்றன: ஃபைனலைத் தூண்டும் டிரைவராக ஒரு 12பிஒய்7ஏ, ஆன்டெனாவுக்குத் திறன் தரும் ஃபைனலாக இரண்டு 6146பி. கலப்பின வகை என்று ஹாம்கள் சொல்வது இதைத்தான். பன்னிரண்டு ஆண்டுகளாக மோர்ஸுக்கும் எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) பேச்சுக்கும் இதையே முதன்மைக் கருவியாக வைத்திருக்கிறேன். இதைப் பார்க்கிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது, "வால்வு போய்விட்டால் என்ன செய்வீர்கள், இன்னும் கிடைக்கிறதா?" என்பதுதான். வாங்கிய முதல் மாதத்தில் நானும் அதே அச்சத்தில் ஒரு ஜோடி உபரி வால்வுகளை வாங்கி வைத்தேன். பன்னிரண்டு ஆண்டுகளில் எனக்குத் தொல்லை தந்தவற்றின் பட்டியலில் வால்வு ஒருமுறைகூட இடம்பெறவில்லை என்பதால்தான் இந்த அனுபவத்தை எழுதத் தோன்றியது.

வால்வைப் பற்றிய கேள்வி முழுக்கத் தவறானது என்று சொல்லவில்லை. அதே காலத்துக் கலப்பினக் கருவிகளில் யேசு எஃப்.டி.-101இ போன்றவை தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காக உருவான 6ஜேஎஸ்6சி வால்வைப் பயன்படுத்தின. அந்த வகையைத் தேடுவது கடினமாகிவிட்டது. 6146 குடும்பம் அப்படியல்ல. 1950களிலிருந்தே அனுப்பும் கருவிகளுக்கென்றே பெருமளவில் செய்யப்பட்ட வால்வு என்பதால் பழைய இருப்பு இன்னும் புழங்குகிறது. ஆகவே வாங்க நினைப்பவர் எந்த வால்வு இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, மிச்சக் கவலையை வேறு இடங்களுக்கு ஒதுக்குவது நல்லது.

முதல் இடம் மின்வழங்கி. கருவி என் கைக்கு வந்தபோது எத்தனை ஆண்டுகள் மின்சாரமே காணாமல் கிடந்தது என்று விற்றவருக்கும் தெரியவில்லை. எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் நெடுநாள் சும்மா கிடந்தால் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்துவிடும். அந்த நிலையில் முழு வோல்டேஜைத் திடீரென்று கொடுத்தால் கசிவு மின்னோட்டம் பெருகிச் சூடேறி, வெடிக்கவும் கூடும். அதனால் வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்துப் பல மணி நேரம் எடுத்துச் சிறிது சிறிதாக வோல்டேஜை ஏற்றினேன். மின்னோட்டம் எல்லை மீறாதிருக்க வழியில் ஒரு பழைய குண்டு பல்பையும் தொடராகச் சேர்த்திருந்தேன். கருவி உயிர் பெற்றது. ஆனால் உயர் வோல்டேஜ் பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருந்த கெப்பாசிட்டர்களுக்கு இடையே வோல்டேஜ் சமமாகப் பங்கிடப்படவில்லை. அவற்றுக்குக் குறுக்கே உள்ள சமன்செய்யும் ரெசிஸ்டர்களில் ஒன்று, பழைய கார்பன் ரெசிஸ்டர்களுக்கே உரிய குணப்படி, தன் மதிப்பிலிருந்து மிகவும் உயர்ந்துபோயிருந்தது. கெப்பாசிட்டர்களையும் ரெசிஸ்டர்களையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டேன். கெப்பாசிட்டரை இப்படிப் பழக்கி எடுப்பது கருவி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள மட்டுமே. அதையே நம்பி ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது சரியல்ல என்பது என் கருத்து.

அப்போதே கவனித்த இன்னொன்று டிரான்ஸ்ஃபார்மரின் டேப், அதாவது வீட்டு வோல்டேஜுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கும் இணைப்பு. 220 வோல்ட் இணைப்பில் இருந்த கருவிக்கு என் வீட்டில் 240 வோல்ட் வரை வந்தது. வால்வைச் சூடாக்கும் இழை 6.3 வோல்ட்டுக்கு உரியது. உள்ளே வருவது ஒன்பது விழுக்காடு கூடினால் இழைக்கும் அதே அளவு கூடி 6.9 வோல்ட்டைத் தொடும். வால்வு சீக்கிரம் தேய்ந்துவிட்டது என்று குறைப்படும் பலர் இந்த வோல்டேஜை ஒருநாளும் அளந்திருக்க மாட்டார்கள். டேப்பை 240க்கு மாற்ற அரை மணி நேரம்தான் ஆயிற்று.

வால்வைக் கொல்லக்கூடிய உண்மையான எதிரியை நான்காம் ஆண்டில்தான் சந்தித்தேன். ஃபைனல் வால்வுகளின் ஓய்வு மின்னோட்டத்தை 60 மில்லி ஆம்பியரில் வைத்திருந்தேன். ஒருநாள் நீண்ட உரையாடலின் நடுவே மீட்டரைப் பார்த்தால், பேசாமல் பொத்தானை மட்டும் அழுத்தியிருக்கும்போதே முள் 100ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. கருவி ஆறியதும் பழையபடி 60. சூடேறினால் மீண்டும் ஏற்றம். வால்வுக்குள் வாயு கசிந்துவிட்டது என்று முதலில் முடிவுகட்டி, உபரி ஜோடியை எடுக்கக் கிட்டத்தட்ட எழுந்தேவிட்டேன். நல்லவேளையாக அதற்கு முன் டிரைவரின் பிளேட்டையும் (வெளியீட்டு முனை) ஃபைனலின் கிரிடையும் (கட்டுப்படுத்தும் முனை) இணைக்கும் சிறிய கப்ளிங் கெப்பாசிட்டர் நினைவுக்கு வந்தது. அதன் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 300 வோல்ட் இருக்கிறது. மறுபக்கத்தில் ஃபைனலை அடக்கிவைக்கும் எதிர்மறை வோல்டேஜான பயஸ் இருக்கிறது. இந்தக் கெப்பாசிட்டர் கசிந்தால் நேர்மறை வோல்டேஜ் கிரிடுக்குள் ஊறி, பயஸ் தளர்ந்து, பிளேட் சிவந்து, வால்வு போய்விடும். கிரிட் பக்கக் காலைப் பிரித்து மீட்டரில் அளந்தேன். சூடான நிலையில், ஒன்றுமே காட்டக் கூடாத இடத்தில் 9 வோல்ட் இருந்தது. கடலை அளவுகூட இல்லாத அந்தப் பொருளை உயர் வோல்டேஜ் தாங்கும் புதியதால் மாற்றியதும் ஓய்வு மின்னோட்டம் அசையாமல் நின்றது, இன்றும் நிற்கிறது. இந்த வகைக் கருவி யாரிடம் இருந்தாலும், கசிவு தெரிகிறதோ இல்லையோ, இதை முதலில் மாற்றிவிடுங்கள் என்றே சொல்வேன். புதிய வால்வைச் செருகியிருந்தால் அதுவும் அதே வழியில் போயிருக்கும்.

ஆபத்தில்லாவிட்டாலும் அதிக நேரத்தைத் தின்றது பட்டை மாற்றும் ஸ்விட்ச். 20 மீட்டரில் கேட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று எல்லா நிலையங்களும் தொலைவுக்குப் போய்விடும். குமிழை இலேசாக அசைத்தால் திரும்பி வரும். வெள்ளிப் பூச்சுள்ள காண்டாக்ட்கள் கறுத்துப்போவதே காரணம். இங்கே பலரும் செய்யும் தவறு, சுத்திகரிப்பு ஸ்ப்ரேயை உள்ளே அடித்துவிடுவது. ஸ்விட்சின் அட்டைத் தட்டுகள் அந்தத் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். வால்வுகளுக்கு அருகே உயர் வோல்டேஜ் போகும் தட்டில் அது கசிவுக்கு வழிவகுக்கும். பஞ்சு நுனியில் ஒரு துளி எடுத்து, ஒவ்வொரு காண்டாக்டாகத் தொட்டு, குமிழை முப்பது நாற்பது முறை திருப்புவதுதான் சரியான வேலை. ஆண்டுக்கு ஒருமுறை இதற்கு ஒரு மாலை செலவாகிறது. ரிலேயின் காண்டாக்ட்களும் இதே நோய்க்கு ஆளானவை. அவற்றை உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் பூச்சே போய்விடும், கெட்டியான காகிதத்தை நனைத்து இடையில் இழுத்தாலே போதும்.

அலைவெண் நகர்வைப் பற்றிச் சொல்லாமல் பழைய கருவியைப் பற்றிப் பேச முடியாது. இப்போதைய கருவிகளில் அலைவெண்ணை எண்முறைச் சுற்றுகள் உருவாக்குகின்றன. இதில் ஒரு சுருளும் திருகு கெப்பாசிட்டரும் சேர்ந்த வி.எஃப்.ஓ. (மாறும் அலைவெண் ஆஸிலேட்டர்) அந்த வேலையைச் செய்கிறது. வெப்பம் ஏற ஏறச் சுருளும் கெப்பாசிட்டரும் இம்மியளவு மாறினாலும் அலைவெண் நகரும். நான் அளந்தவரை, என் கருவி இயக்கிய முதல் அரை மணி நேரத்தில் 800 ஹெர்ட்ஸ் அளவுக்கு நகர்கிறது; அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு 100 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே உட்காரப் போகும் நேரத்துக்கு முன்பே கருவியைப் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. நகர்வு வேறு, தாவல் வேறு என்பதையும் புதியவர்கள் பிரித்தறிய வேண்டும். மெல்ல ஒரே திசையில் போவது நகர்வு. சட்டென்று 50 ஹெர்ட்ஸ் குதித்துத் திரும்புவது தாவல். திருகு கெப்பாசிட்டரின் அச்சுக்குத் தரை இணைப்புத் தரும் சிறு உலோக நாக்கில் அழுக்குச் சேர்ந்ததன் அடையாளம் அது. என் கருவியில் அதைத் துடைத்ததும் தாவல் நின்றது.

டயலில் காணும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. உள்ளே இருக்கும் 25 கிலோஹெர்ட்ஸ் அளவுகோல் ஆஸிலேட்டரை, 10 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் டபிள்யூ.டபிள்யூ.வி. போன்ற நேரக்குறிப்பு நிலையத்துடன், இரண்டும் சேர்ந்து எழுப்பும் துடிப்பு மறையும் வரை ஒப்பிட்டுச் சரிசெய்துவிட்டு, பிறகு ஒவ்வொரு பட்டையிலும் டயலை அதற்கேற்ப நிறுத்த வேண்டும். பட்டையின் ஓரத்தில் நின்று அனுப்புபவர் உரிமத்தின் எல்லையைத் தாண்டிவிடாமல் இருக்க இது அவசியம். நான் ஓரத்திலிருந்து 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளியே நிற்பேன்.

கேட்கும் பகுதி எனக்கு இன்றும் பிடித்தமானது. நெடுநேரம் காதில் ஹெட்ஃபோனோடு இருந்தாலும் களைப்பில்லாத ஒலி. ஆனால் இதை வால்வின் மாயம் என்று புகழ்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை, கேட்கும் பகுதியில் வால்வே கிடையாது. 40, 80 மீட்டர்களில் வானிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வரும் இரைச்சல் கருவியின் சொந்த இரைச்சலைவிட மிக அதிகம் என்பதால், உணர்திறனில் புதிய கருவி அங்கே எந்த முன்னிலையும் பெறுவதில்லை. 10 மீட்டரில் கதை வேறு. மங்கலான நிலையங்களை என் கருவி தவறவிடுவது தெளிவாகத் தெரிகிறது. சூரியக் கரும்புள்ளிகள் உச்சத்தை எட்டிய 2024இல் அந்தப் பட்டை நாள்தோறும் திறந்துகிடந்தபோது, வலுவான குறிகளே நிறைந்திருந்ததால் அந்தக் குறை மறைந்திருந்தது. மோர்ஸுக்கான 500 ஹெர்ட்ஸ் கிறிஸ்டல் ஃபில்டர் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது என் அதிர்ஷ்டம். அது இல்லாத கருவியில் போட்டி நாட்களில் 40 மீட்டரில் மோர்ஸ் கேட்பது சந்தைக்கடையில் ரகசியம் பேசுவது போலத்தான். இரைச்சலை அடக்கும் நாய்ஸ் பிளாங்கர் வண்டிகளின் தீப்பொறி இரைச்சலுக்காகச் செய்யப்பட்டது, எல்.இ.டி. விளக்குகளும் ஸ்விட்ச்மோட் மின்வழங்கிகளும் கிளப்பும் தொடர் இரைச்சலிடம் அது தோற்றுப்போகிறது.

அனுப்புவதில் நான் விரும்புவதும் பிறர் வெறுப்பதும் ஒன்றே: பட்டை மாற்றினால் டிரைவ், பிளேட், லோட் ஆகிய மூன்று குமிழ்களையும் திருப்பி இசைவிக்க வேண்டும். பழகியபின் பத்து வினாடி போதும். டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக இணைக்கும் ரெசிஸ்டர்) இட்டு ஒவ்வொரு பட்டைக்கும் குமிழ்களின் நிலையைக் குறித்துவைத்தால் இன்னும் குறையும். இந்தச் சிரமத்துக்குப் பிரதிபலனும் உண்டு. ஆன்டெனாவின் பொருத்தமின்மையைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். 2 இருந்தாலும் பை வடிவ வெளியீட்டுச் சுற்று அதை ஓரளவு சமாளித்துவிடும். டிரான்சிஸ்டர் ஃபைனல்கள் அந்த நிலையில் தம்மைக் காத்துக்கொள்ளத் திறனைக் குறைத்துவிடும். பழைய கையேடுகளில் பெரிதாக அச்சிட்டிருப்பது ஃபைனல் வால்வுகளுக்குள் போகும் உள்ளீட்டுத் திறன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 180 வாட் என்று இருந்தால் ஆன்டெனாவுக்குப் போவது 100 வாட் அளவே.

மீதி 80 வாட் வெப்பம். இந்தக் கணக்கைத்தான் எண்முறை வகைகளில் இறங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். இரண்டு வால்வுகளுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 40 வாட். இடைவிட்டுப் பயன்படுத்தும்போது ஒரு 6146பி தாங்குவதே 35 வாட்தான். பேச்சிலும் மோர்ஸிலும் இடைவெளிகள் உண்டு, அதனால் சராசரி இறங்கிவிடும். 2017இல் வந்த, கணினிவழிச் சிறு செய்திகளை அனுப்பும் எஃப்.டி.8 முறையிலோ 15 வினாடிச் சுற்றில் 12.64 வினாடிகள் முழுத்திறன் இடைவிடாமல் போகிறது. நான் அனுப்பும் திறன் 35 வாட்டைத் தாண்டாமல் சில வாரங்கள் முயன்றேன். வால்வுகள் தாங்கின, அனுப்பும்போது ஏறும் சூட்டில் அலைவெண் ஊர்ந்து, எதிர்முனையில் என் குறி ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் தெரிந்ததுதான் மிச்சம். அந்த வேலைக்கு ஒரு சிறிய புதிய கருவியை வைத்துக்கொண்டேன்.

ஈடுகட்ட முடியாத குறை ஒன்று உண்டு. 1979இல் ஜெனீவாவில் நடந்த உலக நிர்வாக வானொலி மாநாட்டில்தான் 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் அமெச்சூர்களுக்குக் கிடைத்தன. அதற்கு முன் வடிவமைக்கப்பட்ட என் கருவியில் அவை இல்லை. போட்டிகள் நடத்தப்படாத அமைதியான 30 மீட்டர் (10 மெகாஹெர்ட்ஸ்) பட்டையை இழப்பது மோர்ஸ் விரும்பிக்கு வலிக்கும். வாங்கும்போது இதை நான் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை.

மூடியைத் திறப்பவர்களுக்கு: ஃபைனலின் பிளேட்டில் 800 வோல்ட் இருக்கிறது, இணைப்பைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கிறது. அளந்து பார்க்காமல் விரலை நீட்ட வேண்டாம், ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

சாலிடரிங் அயர்னைக் கையில் எடுக்க விருப்பமில்லாதவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். விருப்பமுள்ளவர் வாங்கும்போது பளபளப்பைவிட, முன்னவர் எதையும் வெட்டி ஒட்டி மாற்றாத கருவியையே தேட வேண்டும். ஒருவர் செய்த மாற்றத்தை வரைபடம் இல்லாமல் அவிழ்க்க எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. என் கருவி 20 மீட்டரில் முதல் ஆண்டு 100 வாட் கொடுத்தது. சென்ற வாரம் அதே டம்மி லோடில் 95 காட்டியது. உள்ளே இருப்பவை வாங்கும்போது இருந்த அதே இரண்டு வால்வுகள். உபரிப் பொருள்களின் இழுப்பறையில் கெப்பாசிட்டர்கள், டயல் விளக்குகள், ரிலேக்கள் என்று அடிக்கடி கைபடுபவை மேலே கிடக்கின்றன. முதல் மாதத்தில் பயந்து வாங்கிய ஜோடி, ஒட்டிய தாள் பிரியாமல் அடியில் இருக்கிறது.