வேலூரிலிருந்து ஹைதராபாத்: ரேணிகுண்டாவா, மீனம்பாக்கமா?

வேலூர்க்காரர் ஒருவர் ஹைதராபாத்துக்கு விமானத்தில் செல்ல நினைத்தால், வடக்கே திருப்பதியின் ரேணிகுண்டா, கிழக்கே சென்னையின் மீனம்பாக்கம் என இரண்டு வாசல்கள் அவர் முன் இருக்கின்றன. சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உதான் திட்டத்தில் இடம்பெற்ற, வேலூரின் அப்துல்லாபுரம் விமான நிலையத்தின் குறுகிய ஓடுபாதை சிறு விமானங்களுக்கே பொருந்தும் என்பதால், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நேர்கோட்டில் அளந்தால் ரேணிகுண்டாவிலிருந்து ஹைதராபாத் விமான நிலையம் உள்ள ஷம்ஷாபாத் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். மீனம்பாக்கத்திலிருந்து 510 கிலோமீட்டர் அளவு. தூரம் குறைவு என்பதால் நேரமும் அதே அளவில் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. சென்னையிலிருந்து செல்லும் ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் அளவில் பறக்கும். சிறிய நிலையங்களுக்கு அதிகம் இயக்கப்படும் ஏடிஆர் என்னும் விசிறி விமானத்தின் வேகமோ மணிக்கு 500 கிலோமீட்டர்தான். ஆகவே ஏடிஆரில் 415 கிலோமீட்டருக்கு 50 நிமிடம் ஆகும் வேளையில், ஜெட் 510 கிலோமீட்டரை 40 நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது. இதனோடு தரையில் ஊர்வது, மேலேறுவது, இறங்க முறை வரும்வரை காத்திருப்பது ஆகியவையும் சேர்வதால், இரண்டு ஊர்களிலிருந்தும் அட்டவணை நேரம் ஒன்றேகால் மணியை ஒட்டியே அமைகிறது. மீனம்பாக்கத்தில் ஓடுபாதைகள் ஒன்றையொன்று குறுக்கிடுவதாலும் நெரிசலாலும் புறப்பாட்டில் சிறிது நேரம் கரைவதுண்டு. ரேணிகுண்டாவில் அந்தத் தொல்லை குறைவு.

எனவே வேறுபாடு வானத்தில் இல்லை, சாலையில்தான் இருக்கிறது. சித்தூர் வழியாக ரேணிகுண்டாவும், வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் வழியாக மீனம்பாக்கமும் வேலூரிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவு. இரண்டும் 115 முதல் 135 கிலோமீட்டருக்குள் அடங்கும். ஆனால் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிய பிறகு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. உள்நாட்டுப் பயணத்துக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்டர் மூடப்படுவதால், இந்த நிச்சயமின்மைக்காக முன்கூட்டியே கிளம்பும் ஒன்றரை மணி நேரத்தையும் பயணத்தின் பகுதியாகவே கணக்கிட வேண்டும். காட்பாடியில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் விமான நிலையம் சேர்வது இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்க்கிறது. பெட்டி குறைவாக உள்ளவர்களுக்கு நான் துணிந்து பரிந்துரைக்கும் வழி அதுவே.

சித்தூர்ச் சாலை சீரானது, நேரத்தை நம்பித் திட்டமிடலாம். ஆயினும் கிறிஸ்டியான்பேட்டை எல்லையைத் தாண்டும் வாடகைக் காருக்கு ஆந்திர பெர்மிட் தனிச்செலவு. புரட்டாசி சனிக்கிழமைகளிலும் பிரம்மோற்சவ நாட்களிலும் திருப்பதியை நெருங்கும் கடைசிப் பகுதி பொறுமையைச் சோதிக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது அடுத்த விமானம் எப்போது என்பதைத்தான். சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு நாள் முழுவதும் பல விமானங்கள் உள்ளன. ஒன்று ரத்தானாலும் அன்றைக்கே போய்ச் சேரலாம். ரேணிகுண்டாவில் சிலவே இருப்பதால், ஒன்றைத் தவறவிட்டால் அரை நாளோ ஒரு நாளோ வீணாகலாம். நேர்முகத் தேர்வுக்கோ மருத்துவச் சந்திப்புக்கோ செல்பவர் சென்னையையே தேர்ந்தெடுக்கட்டும். முதியவர்களை அழைத்துக்கொண்டு அவசரமின்றிச் செல்பவருக்கு, குறைந்த நடையும் சிறிய வரிசைகளும் உள்ள ரேணிகுண்டாவே உகந்தது.