டிடென்ஷன் சென்டருக்குள்ள இருக்கிற ஐ.எம்.பி. பெட்டி: 5க்கு மூண்டரை ஸ்டார்

ஐ.எம்.பி. எண்டா இன்டிபெண்டன்ட் மொனிற்றறிங் போர்ட், இமிகிரேஷன்காரர் ஆக்களைப் பிடிச்சு வச்சிருக்கிற டிடென்ஷன் சென்டருகளைக் கண்காணிக்கிற போர்ட், அவைக்கு முறைப்பாடு எழுதிப் போடுற பெட்டியைத்தான் சொல்லுறன். கடைக்கும் சாப்பாட்டுக்கும் றிவியூ எழுதின எனக்கு இதுக்கு எப்பிடி ஸ்டார் போடுறதெண்டு தெரியேல்லை, ஏனெண்டா இந்த சேர்விஸை ஒருத்தரும் விரும்பிப் போய் எடுக்கிறதில்லை. ஆனா லண்டனில எங்கட சனத்தில கனபேருக்கு ஆரோ ஒரு சொந்தக்காரன் ஹீத்ரோப் பக்கமோ கட்விக் பக்கமோ உள்ளுக்க இருந்த கதை இருக்கும், எனக்கு இப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாமல்தான் முதல் ரெண்டு கிழமையும் போனது, அதால எழுதுறன்.

என்ர சித்தியின்ர மகன் மாசாமாசம் ஹோம் ஒஃபீஸில (உள்துறை அமைச்சில) சைன் வைக்கப் போறவன். ஒரு செவ்வாய்க்கிழமை போனவன் திரும்பி வரேல்லை. பின்னேரம் தெரியாத நம்பரில இருந்து கோல், "அண்ணை, பிடிச்சிட்டாங்கள், போனையும் வாங்கிட்டாங்கள்" எண்டான். கமெரா உள்ள போன் உள்ளுக்க விடமாட்டினம், ஒரு பழைய பட்டன் போன் குடுப்பினம், பேந்து அதுதான் உலகம். எந்த சென்டர் எண்டு எழுதேல்லை, கேஸ் இன்னும் நடக்குது.

பார்க்கப் போனா சாமானெல்லாம் லொக்கரில வச்சு, கைரேகை குடுத்து, கதவு கதவாத் தாண்டிப் போகவேணும். ஒரு அறையில மூண்டு பேராம், உள்ளுக்கயே கக்கூஸ், அதுக்குக் கதவில்லை, ஒரு திரைதான். இரவு ஒம்பதுக்கு அறையைப் பூட்டினா விடியத்தான் திறப்பினமாம். இதையெல்லாம் விடப் பெரிய பிரச்சினை, அவன்ர முதுகில ஊரில வச்ச சூட்டுத் தழும்பு இருக்கு, சித்திரவதைப்பட்ட ஆக்களுக்கு உள்ளுக்க இருக்கிற டொக்டர் றூல் 35 எண்ட றிப்போர்ட் எழுதவேணும், அது போனாத்தான் ஹோம் ஒஃபீஸ் இவரை வச்சிருக்கிறது சரியோ எண்டு திருப்பிப் பார்க்கவேணும். 16 நாளா அப்பொயின்மென்டே கிடைக்கேல்லை. கேட்டா "லிஸ்டில இருக்கு", திருப்பிக் கேட்டாலும் "லிஸ்டில இருக்கு".

அறையில கூட இருந்த ஒருத்தர்தான் நோட்டீஸ் போர்டுக்குப் பக்கத்தில இருக்கிற பெட்டியைக் காட்டினவர், பூட்டுப் போட்டது, திறப்பு ஒஃபீசர்மாரிட்ட இல்லை, ஐ.எம்.பி. ஆக்களிட்ட மட்டும்தான். தம்பி தமிழிலயே எழுதிப் போட்டிருக்கிறான். நாலாம் நாள் தலை நரைச்ச ஒரு அம்மா இடுப்பில திறப்புக் கொத்தோட வந்தவவாம், ஒஃபீசரைத் தள்ளி நிக்கச் சொல்லிப்போட்டு, போனில மொழிபெயர்ப்பாளரை எடுத்துக் கதைச்சவ. முதல் கதையே "உங்கட கேஸில நான் ஒண்டும் செய்யேலாது, உங்களை வெளியில விடவும் ஏலாது" எண்டதுதானாம். எனக்கு இது பிடிச்சது, பொய் நம்பிக்கை குடுக்கேல்லை. பிறகு எண்டைக்கு டொக்டரைக் கேட்டனீங்கள், ஆரிட்ட கேட்டனீங்கள், என்ன சொன்னவை எண்டு ஒவ்வொண்டாக் கேட்டு எழுதிக்கொண்டு போனவ. ரெண்டு நாளில டொக்டர் கூப்பிட்டாச்சு. அந்த லிஸ்ட் எங்க போச்சுதோ தெரியாது.

இவை ஆரெண்டா சம்பளமில்லாத வொலண்டியர்மார். ஒவ்வொரு சென்டரையும் பார்க்க ஒரு போர்ட் இருக்கு, 2001ஆம் ஆண்டு டிடென்ஷன் சென்டர் றூல்ஸில இவைக்கு உரிமை எழுதியிருக்கு, சென்டரின்ர எந்த மூலைக்கும் போகலாம், ஆரோடயும் ஒஃபீசர்மார் பார்க்காத கேட்காத இடத்தில கதைக்கலாம், வருசத்துக்கு ஒரு றிப்போர்ட் வெளியில போடுவினம். பிரிட்டன் 2003இல சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின்ர துணை ஒப்பந்தத்தில சேர்ந்தது, 2009இல கண்காணிக்கிற அமைப்புகளை ஒண்டாச் சேர்த்தது, அதில இவையும் ஒரு ஆள், சிறைச்சாலை இன்ஸ்பெக்டரேற் இன்னொரு ஆள். 2024 பெப்ரவரியில இன்ஸ்பெக்டரேற் ஹீத்ரோப் பக்கம் இருக்கிற ஹார்மண்ட்ஸ்வர்த் சென்டருக்குப் போய் வந்து எழுதினதை வாசிச்சுப் பாருங்கோ, தாங்கள் பார்த்த இமிகிரேஷன் சென்டருகளில இதுதான் மோசம் எண்டு எழுதிச்சினம், உள்ளுக்க இருந்தவையில கிட்டத்தட்டப் பாதிப் பேர் சாகவேணும்போல இருந்தது எண்டு சொன்னவை.

இப்ப ஏன் ஒண்டரை ஸ்டார் குறைச்சனான் எண்டு சொல்லுறன். இவை எழுதுறதை ஆரும் செய்துதான் ஆகவேணும் எண்டு சட்டமில்லை. 2020 கடைசியில கட்விக் பக்கம் இருக்கிற ப்ரூக் ஹவுஸ் சென்டரில, பிறெக்சிற் முடிவுக்கு முதல் ஆங்கிலக் கால்வாயால வந்த ஆக்களை அவசர அவசரமா பிளேன் பிளேனா ஐரோப்பாவுக்குத் திருப்பி அனுப்பின நேரம், தங்களைத் தாங்களே காயப்படுத்துற ஆக்கள் கூடிப்போச்சினம். அப்ப அங்கத்தைய போர்ட் இது அங்க இருக்கிற எல்லாரையும் மனிசத்தன்மையில்லாமல் நடத்துறது எண்டு நேரா ஹோம் ஒஃபீஸுக்கே எழுதினது, வருசாந்த றிப்போர்ட்டிலயும் போட்டது. வொலண்டியர்மார் அரசாங்கத்தைப் பார்த்து அப்பிடி எழுதுறது சின்ன விசயமில்லை. எண்டாலும் அதே ப்ரூக் ஹவுஸில 2017இல காவலாளிமார் அடிச்சதையும் கழுத்தை நெரிச்சதையும் வெளிய கொண்டு வந்தது போர்ட் இல்லை, பிபிசி ஒளிச்சு வச்ச கமெரா. போர்ட் ஆக்கள் அப்பவும் போய் வந்துகொண்டுதான் இருந்தவை. நெடுகப் போய்ப் பழகின வீட்டில மணம் தெரியாது எண்டு அம்மம்மா சொல்லுவா, அது இஞ்சயும் பொருந்துது.

2023 செப்டெம்பரில அந்த ப்ரூக் ஹவுஸ் விசயத்தைப் பற்றி கேட் ஈவ்ஸ் தலைமையில நடந்த பொது விசாரணையின்ர றிப்போர்ட் வந்தது. 2017இல 5 மாசத்துக்குள்ள நடந்த 19 சம்பவங்கள், சித்திரவதையும் மனிசத்தன்மையில்லாத நடத்தையும் கூடாது எண்ட ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின்ர 3ஆம் பிரிவை மீறியிருக்கலாம் எண்டு சொல்லி 33 பரிந்துரை குடுத்தது, அதில முக்கியமானது ஒரு ஆளை 28 நாளுக்கு மேல வச்சிருக்கேலாது எண்டது. அரசாங்கம் அதை ஏற்கேல்லை. ஆக இந்த நாட்டில இப்பவும் பொதுவா இத்தினை நாள்தான் எண்டு ஒரு கணக்கில்லை, கர்ப்பிணிகளுக்குப் பொதுவா 72 மணித்தியாலம் எண்டு 2016இல வந்தது. எனக்கு விளங்கினவரைக்கும் கண்காணிக்கிறது காணாது, கண்டதுக்கு இத்தினை நாளுக்குள்ள எழுத்தில பதில் சொல்லவேணும் எண்டு சட்டத்தில வரவேணும். அதுக்காக ஓடித்திரியிற சரிற்றிக்காரருக்கு எங்கட ஆக்கள் ஆளுக்கு அஞ்சு பவுண் குடுத்தாலே புண்ணியம், கோயில் திருவிழாவுக்கு எவ்வளவு குடுக்கிறம்.

பாவிக்கப் போறவைக்கு ஒண்டு சொல்லுறன், பெட்டியில போட முதல் எழுதினதை இன்னொரு தாளில பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கோ, திகதியோட. கேஸுக்கு சொலிசிட்டர், பெயிலுக்கு ஜட்ஜ், ரெண்டையும் இதோட குழப்பாதேங்கோ. தம்பிக்கும் பெயில் சொலிசிட்டராலதான் வந்தது.

வெளியில வந்தாப்பிறகு அந்த சென்டரின்ர வருசாந்த றிப்போர்ட்டை என்ர போனில எடுத்துத் தமிழில வாசிச்சுக் காட்டினனான். கக்கூஸ் திரையைப் பற்றி ஒரு வரி இருந்தது. "அது நான் எழுதினதெல்லோ அண்ணை" எண்டு எழும்பி வந்து பார்த்தான், ஒரு எழுத்தும் விளங்காட்டிலும். பேந்து கேட்டான், "அப்ப கதவு போட்டிட்டாங்களோ?"

கதவு போட்டதெண்டு அதில எழுதேல்லை.