நாளிதழ்ச் சித்திரக்கதையா, சொந்தப் புத்தகமா?

எழுதவும் வரையவும் தெரிந்தவர்கள் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பின்லாந்தின் எழுத்தாளரும் ஓவியருமான தூவே யான்சன்தான் நினைவுக்கு வருவார். 1954இல் லண்டன் 'ஈவினிங் நியூஸ்' நாளிதழில் அவருடைய மூமின் சித்திரக்கதை தொடங்கியது. மூமின்கள், அவருடைய குழந்தைகள் புத்தகங்களில் வரும், நீர்யானை போன்ற கற்பனைப் பிராணிகள். நிலையான வருமானம், பல நாடுகளில் பெயர். ஆனால் வாரத்துக்கு ஆறு நாள், தினமும் மூன்று நான்கு கட்டங்களுக்குள் கதையை நகர்த்தியாக வேண்டும். சொந்த ஓவியங்கள் வரைய நேரம் ஏது? சில ஆண்டுகளில் தம்பி லார்ஸிடம் அதை ஒப்படைத்துவிட்டார்.

புத்தகத்தில் பணம் மெதுவாகத்தான் வரும். ஆனால் ஒரு பக்கம் முழுவதையும் புயலுக்கே கொடுத்துவிடலாம். விடுபட்ட பிறகு அவர் பெரியவர்களுக்கும் எழுதினார். 1972இல் வந்த நாவலில் ஒரு பாட்டியையும் பேத்தியையும் சிறு தீவில் உலவவிட்டார். என் ஓட்டு புத்தகத்துக்கே. வாடகை நெருக்கினால் சித்திரக்கதைக்குப் போங்கள். ஒப்பந்தத்தில் முடிவுத் தேதியை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள்.