ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: பல வருடம் ஆடிய பிறகு

இப்போது வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில்: வாங்கலாம், ஆனால் கூட ஆட நாலு பேரைப் பிடித்துக்கொண்டு வாங்குங்கள். தனியாகக் கம்ப்யூட்டரோடு மோதிக்கொண்டிருந்தால் சீக்கிரம் அலுத்துவிடும்.

ஊர் கட்டி, படை திரட்டி எதிரியோடு மோதும் கம்ப்யூட்டர் கேம் இது, 1999ல் வந்தது. மறு வருடம் வந்த கான்கரர்ஸ் என்ற கூடுதல் பாகத்தைத்தான் காட்பாடி பிரவுசிங் சென்டரில் ஆடிப் பழகினேன். 2006ல் மைக்ரோசாஃப்ட், ஆன்லைனில் சேர்ந்து ஆட வைத்திருந்த தன் கேமிங் ஸோனில் இதற்கான இடத்தை மூடியது, 2009 தொடக்கத்தில் இதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸே மூடப்பட்டது. வேறு கேமாக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். ஆடுகிறவர்கள் விடவில்லை, வூப்ளி மாதிரி வேறு ஆன்லைன் இடங்களுக்கு மாறினார்கள், யாரோ புண்ணியவான்கள் யூசர்பேட்ச் என்று ஒன்றை எழுதி அகலத் திரையில் ஓடவைத்தார்கள், 2012ல் ரசிகர்களே புது நாடுகள் சேர்த்து ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற மாடை, அதாவது மாற்றியமைத்த வடிவத்தை, வெளியிட, அடுத்த வருடம் அதுவே அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வந்தது. முதலாளி பூட்டிய கடையை வாடிக்கையாளர்கள் திறந்து வியாபாரம் பார்த்த மாதிரிதான். 2019ல் கேமைப் புதுப்பித்து வந்த டெஃபினிடிவ் எடிஷனிலும் அந்தக் குழுவின் கை உண்டு.

எங்கள் செட்டில் வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் ஆட்கள், ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வரும் ஒருத்தர். மின்வெட்டுக் காலத்தில் பாதி ஆட்டத்தில் இன்வெர்ட்டர் இல்லாதவன் காணாமல் போவான், சேவ் பண்ணிவிட்டுக் காத்திருப்போம். புதிதாக வந்த என் சித்தி பையனுக்குக் காட்டுப்பன்றி வேட்டையைக் குடியாத்தம் அண்ணன் மைக்கிலேயே கற்றுக்கொடுத்தார்: "ரெண்டு அம்பு விட்டதும் நிக்காத தம்பி, டவுன் சென்டருக்கு ஓடு, மத்தவங்க அங்க பார்த்துக்குவாங்க." அடிபட்ட பன்றி துரத்திக்கொண்டு வரும், அதை ஊரின் மையக் கட்டிடமான டவுன் சென்டர் வரை இழுத்துவர வேண்டும். எத்தனை வீடியோ பார்த்தும் ஏறாத பாடம் அது. அந்தப் பொறுமை இல்லாத குழுவில் புது ஆள் ஒரு வாரம் தங்கமாட்டான்.

2022ல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் பாகத்தில் திராவிடர்கள், உருமி எனும் சுருள்வாள் வீரர்கள், ராஜேந்திர சோழன் கதை எல்லாம் உண்டு. வாங்கியது வீண் போகவில்லை. ஆனால் எங்களுக்கு அதைவிடப் பிடித்தது, ராணிப்பேட்டை நண்பர், நாமே போர்க்களம் அமைக்கும் சினாரியோ எடிட்டரில் செய்த தக்கோலம் போர். 949ல் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனிடம் சோழர்கள் தோற்ற இடம், அவர் ஊரிலிருந்து பக்கம்தான். யானை மேலிருக்கும் சோழ இளவரசன் ராஜாதித்தன் செத்தால் சோழர் பக்கம் அவுட். ஒரே தொல்லை, ராஷ்டிரகூடராக ஆட ஒருத்தனும் வருவதில்லை, சீட்டுப் போட்டுத்தான் பிரிக்கிறோம்.

குறையும் உண்டு. எட்டுப் பேர் யானைப் படையோடு இறங்கினால் பழைய லேப்டாப் திணறும். தரவரிசைக்கு ஆடும் ரேங்க்டு பக்கம் போனால் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் புதுக் கணக்கில் வந்து கற்றுக்குட்டிகளை அடித்துப்போடுவது எரிச்சல், சின்னப் பையன்கள் இதனாலேயே விட்டுவிடுகிறார்கள். அதனால் நாங்கள் பாஸ்வேர்டு போட்டு எங்களுக்குள் மட்டும் சேரும் லாபியோடு சரி. யாராவது தாமதித்தால் சாட்டில் 14 என்று அடிப்போம், "சீக்கிரம் ஆரம்பிங்கப்பா" என்கிற அர்த்தத்தில் கேமே ஒரு குரல் கொடுக்கும். சனிக்கிழமை ராத்திரி ஏழு பேர் சேர்ந்துவிடுகிறோம், எட்டாவது இடம்தான் அடிக்கடி காலி.